விடாத பிரேக்

பிரேக் பிடிக்காத காரைவிட பிரேக் விடாத கார் மோசமானது. இதைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் நம்பமாட்டீர்கள். பிடிக்காத கார் மிதித்த உடனே தன் யோக்கியதையைச் சொல்லிவிடும். விடாத கார் அப்படியில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

என் வயதுக்காரர்கள் நீங்கள் முட்டிவலியைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசும்போது நான் சும்மா இருப்பேன். எனக்கு வலது காலில் வேறொரு கோளாறு. இறக்கத்தில் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கால் தானாகத் தரையை அழுத்திக்கொள்ளும். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆம்பூரில் ஷூ கம்பெனி, ஓசூரில் கல்யாணச் சமையல், மங்களூரில் மீனுக்கு ஐஸ் போடும் வேலை, திரும்பவும் ஆம்பூர் என்று ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றியவள். லாரி, டெம்போ, வேன் எல்லாவற்றிலும் போயிருக்கிறேன். கால் மட்டும் திருந்தவில்லை. அது அப்படிப் பழகியது ஏலகிரி மலை ரோட்டில், எங்கள் அப்பாவின் காரில்.

அப்பா டாக்ஸி ஓட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டாக்ஸியெல்லாம் ஒரே ஜாதிக் கார்தான், உங்களுக்கே தெரியும். உருண்டை முதுகு, முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட்டு, ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர் தண்டு. எங்களுடையது ஒரு தோல் முதலாளியிடம் தேய்ந்து, அவர் மருமகனிடம் தேய்ந்து, அப்பா கைக்கு வந்தது. ஆனாலும் சக்கரங்களின் நடுவே வெள்ளித் தட்டு மாதிரி மூடிகள் இருந்தன. அப்பா திருநீறு போட்டு அவற்றைத் தேய்ப்பார். முன்சக்கரத்து மூடியில் முகம் பார்த்துத்தான் நான் பொட்டு வைத்துக்கொள்வேன். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த வெயில் காலம். ஒருநாள் ரயில்வே கேட் மூடும்போது அப்பா பிரேக்கை மிதித்தார், பெடல் சேற்றில் போவதுபோல உள்ளே போய்விட்டது. எடுத்து எடுத்து மிதித்து, முன்னால் நின்ற மாட்டுவண்டியை லேசாக முட்டி நிறுத்தினார். வண்டிக்காரன் இறங்கி வந்து, "இன்னா டிரைவரே, மாட்டுக்கு முத்தம் குடுக்க வந்தியா?" என்று கேட்டான். பின் சீட்டில் இருந்த அம்மா இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று அன்று ராத்திரி சொன்னாள்.

அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு, காரை மெல்ல உருட்டி வாணியம்பாடிக்குப் போனார். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் வேலை செய்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள். பேச்சும் ஒல்லி. பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் கசிந்து, டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவெல்லாம் நனைந்திருந்தது. ஷூவைத் தேய்த்துத் துடைத்து, அங்கே இருந்த சின்ன வாஷர்களை மாற்றினார்.

"ஏர் எடுக்கணும்ணே. பெடல் மிதிக்க ஒரு ஆளு வேணும்," என்றார்.

"எம் பொண்ணு மிதிப்பா."

"கால் எட்டுமா?"

"எட்டாட்டி எகிறி மிதிப்பா."

ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சீட்டு நுனியில் நின்றமாதிரி உட்கார்ந்தேன். பாய் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார். அவர் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் அழுத்தியபடி நிற்க வேண்டும். அப்போது அவர் கீழே ஒரு சின்னத் திருகைத் திறப்பார், மெக்கானிக்குகள் அதை முலை என்பார்கள்; காற்றும் எண்ணெயும் புஸ்ஸென்று வரும், பெடல் காலோடு கீழே இறங்கும். அவர் முலையை மூடிவிட்டு "விடு" என்பார்.

"நான் சொல்லாம மட்டும் விட்டுடக் கூடாது பாப்பா," என்றார். "விட்டா காத்து உள்ள பூந்துடும். அப்புறம் செஞ்சதெல்லாம் வேஸ்ட்."

வேலை முடிந்ததும் பாய் அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னார். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் பாயைத் தூக்கினால், தரைக்குக் கீழே பெரிய சிலிண்டர் ஒன்று இருக்கிறது. பெடல் தள்ளுவது அதைத்தான், மாஸ்டர் என்பார்கள். அதன் எண்ணெய் மூடியும் அங்கேதான்.

"மாஸ்டர்ல இருக்கற வாஷரும் காஞ்சிடுச்சிண்ணே. அதையும் மாத்திடணும். சாமான் மெட்ராஸ்லருந்து வரணும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க. எண்ணெய் கம்மியானா நான் குடுக்கறத மட்டும் ஊத்துங்க."

வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிட்டுக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: வாஷர் காய்ந்துவிட்டது.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். தோல் பதப்படுத்தும் டேனரியில் டிரம் வேலை. பதம் போட்ட தோல் காய்ந்தால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை மெதுவாக்க ஓர் எண்ணெயை வெந்நீரில் கலக்கி, பெரிய மர டிரம்மில் தோலோடு சேர்த்து உருட்டுவார்கள். அந்த எண்ணெய் தண்ணீரில் விழுந்த உடனே பாலாக வெளுத்துவிடும். வேலை முடிந்து வரும் மாமா, "இன்னிக்கு டிரம்ல எவ்ளோ பால் கறந்தேன் தெரியுமா?" என்று என்னிடம் கேட்பார். ஒரு பழைய பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவார். வெடித்த செருப்புக்கு அதுதான். பம்பு ஸ்டவ்வுக்கும் அதுதான். தெருவில் யார் வீட்டு ஸ்டவ்வில் காற்று ஏறாவிட்டாலும் மாமாவைக் கூப்பிடுவார்கள். பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். ரெண்டு சொட்டு விட்டால் ஊறி உப்பிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் வாஷர் என்றால் தோல். காய்ந்தால் எண்ணெய். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மாமாவுக்கு வயது ஏறிக்கொண்டே இருந்தது, கல்யாணம் நடக்கவில்லை. குணத்தில் குறையில்லை. குடிக்கமாட்டார். வாசனைதான் குறை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் டேனரி அவர் தோலுக்கு அடியில் இருந்தது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அத்தை ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே வந்தாளாம். "மழ வர்ற மாதிரி இருக்குது, எதுக்கு தொறக்கற?" என்று யாரோ கேட்டதற்கு, "அதான் வர்றதுக்குள்ள தொறக்கறேன்," என்றாளாம். அந்தக் கதையைச் சொல்லி மாமா சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அந்த வெயில் காலத்தில் ஏலகிரி மேலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. விவசாயக் குடும்பம். பலா, கொய்யா, கொஞ்சம் மாடு. இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் யாரையும் கேட்கமாட்டேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் அம்மா தன் சபதத்தை விட்டு, காரில் ஏறச் சம்மதித்தாள். தம்பி பஸ்ஸில் வியர்த்துப்போய் இறங்கக் கூடாது.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம். பெடல் தானாகவே சரியாகிவிட்டது. முன்பு பாதிவரை போனது, இப்போது தொட்ட உடனே கெட்டியாக நின்றது.

"பாத்தியா? மெட்ராஸ் சாமான் விக்கப் பாத்திருக்கான் பாய்," என்று அம்மாவிடம் சொன்னார். "தானா சரியாயிடுச்சி."

தானாகச் சரியாகும் பிரேக் உலகத்தில் இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நல்லது நடக்கும்போது ஏன் என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கெட்டது நடந்தால்தான் கேட்போம், யாரால் என்று.

கிளம்பிய அன்று மாமா எலுமிச்சம்பழத்தால் உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்தார். வாணியம்பாடி தோஸ்த் ஒருவர் கொடுத்த அத்தரைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். முன் சீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான். பின்னால் அம்மா, மடியில் பூப்பந்து, கை கதவுப் பிடியில்.

மலை ஏறும் முன்பே வண்டி சோம்பல்பட்டது. "யாரோ பின்னாலருந்து புடிச்சி இழுக்கற மாதிரியே இருக்குது," என்றார் அப்பா.

"நிறுத்திப் பாருங்களேன்," என்றாள் அம்மா.

"ஏத்தம்டி. அப்படித்தான் இருக்கும்."

பாதி மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். நான் இறங்கி, பொட்டு சரியாக இருக்கிறதா என்று முன்சக்கர மூடியில் பார்த்தேன். சாய்ந்தபோது கை அதன்மேல் பட்டது. தோசைக்கல்லைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. ஏதோ கருகும் வாசனையும் வந்தது. அம்மா என் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"வெயில்ல ஓடற வண்டி. சுடாம இன்னா பண்ணும்?" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை. ஆனால் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் காரை நிறுத்திவிட்டு நிற்பது அவருக்குச் சாவு மாதிரி.

மேலே எல்லாம் நன்றாகவே நடந்தது. காற்று குளிர்ச்சியாக இருந்தது, மாமாவின் மேல் அத்தர் மட்டுமே வீசியது. பெண் வெளுத்த நீலப் புடவையில் வந்து காப்பி கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தி மாமாவை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலை யாரும் திறக்கவில்லை. அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்தாள். பூ வைத்தால் பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரி. பெண்ணின் அப்பா எங்களோடு காரிலேயே வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் திரும்புவதாகப் பேச்சானது.

கிளம்பும் முன் அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். நான் சுட்ட மூடியை விட்டு எட்டி நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தேன். மாமா அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது பேச வேண்டும் என்று தவித்தார் போல.

"பழைய வண்டிதான். எறக்கத்துல புடிக்குமா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"நல்லா புடிக்கும் மாமா. நடுவுல பெடல் உள்ள போய்ட்டு இருந்துச்சி. வாஷர் காஞ்சிடுச்சின்னாங்க. அக்கா வூட்டுக்காரருக்குத் தெரியாம நான்தான் எங்க கம்பெனி எண்ணெய உட்டேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"பரவால்லயே. கை வேலையும் தெரியுது," என்றார் அவர்.

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது. ஸ்டவ்வைச் சரிசெய்யும் மாமா காரையும் சரிசெய்துவிட்டார்.

இறங்கும்போது பெண்ணின் அப்பா முன் சீட்டில், என் பக்கத்தில். மாமா பின்னால் அம்மாவோடு, காலடியில் அவர்கள் கொடுத்த பெரிய பலாப்பழம். முதல் வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஒவ்வொரு வளைவிலும் பிரேக் மிதித்தார், வண்டி அடங்கியது. பிறகு கருகல் வாசனை பலா வாசனையை மீறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே சக்கரத்திலிருந்து புகை. அடுத்த வளைவு வந்தது. அப்பா மிதித்தார். கல்லு மாதிரி நின்ற பெடல், அடியில் ஒன்றுமே இல்லாததுபோலத் தரைவரை போய் டொக் என்று இடித்தது.

மறுபடி டொக். மறுபடி டொக்.

அப்பா தண்டை இழுத்துக் கியரைக் குறைத்தார், என்ஜின் ஓலமிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வேகம் கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறியது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் இடுப்பளவு சுவர், அதற்கப்பால் மரங்களின் தலைகள். என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"புள்ளயப் புடிச்சிக்குங்க," என்றாள் அம்மா பின்னாலிருந்து. அவ்வளவுதான் அவள் சொன்னது.

பெண்ணின் அப்பா தன் கையை என் மார்புக்குக் குறுக்கே போட்டு சீட்டோடு அழுத்தினார். மண்வெட்டி பிடித்த கை. அப்பா காரைப் பாறைப் பக்கம் ஒடித்தார். தகரம் பாறையில் தேய்ந்து கிறீச்சிட்டது. ஓரச் சாக்கடையில் சக்கரம் இறங்கி, மண்மேட்டில் மூக்கை இடித்து வண்டி நின்றது. பலாப்பழம் பிளந்துவிட்டது. முன்சக்கரத்து மூடி கழன்று, ரோட்டில் தனியாக உருண்டு போய், சுவரில் லேசாகத் தட்டி எகிறி, பள்ளத்தில் விழுந்தது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாருக்கும் பெரிய அடியில்லை. மாமாதான் கீழே ஓடினார். ஏதோ லாரியைப் பிடித்து வாணியம்பாடி போய், பாயின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து, வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டார். மடியில் சாமான் பை. பாவம், தானே போய் ஆளை அழைத்துவந்தார்.

பாய் ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார். "இன்னா பாய், ஒரு குடும்பத்தயே கொல்லப் பாத்தியே. நீ போட்ட வாஷர்தான். சம்பந்தி முன்னாடி என் மானம் போச்சு. உன் தொழிலு இத்தோட முடிஞ்சிதுன்னு வெச்சிக்கோ, ஆம்பூர் ஸ்டாண்டுல ஒருத்தன் உங்கிட்ட வண்டி உடமாட்டான்."

"மொதல்ல பாத்துடலாம்ணே," என்றார் பாய்.

அவர் விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு சக்கரமாக வைத்தார். இத்தனை நேரம் கழித்தும் சூடு இருந்தது. "ஒண்ணு மட்டும் சுட்டா அந்தச் சக்கரத்துல கோளாறு. நாலும் சுடுது. அப்ப மாஸ்டர்தான்." பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. முலையைத் திறந்ததும், யாரும் பெடலைத் தொடாமலே எண்ணெய் பீய்ச்சியது. சக்கரம் லேசாகச் சுற்றியது.

"வாஷர் ஊதிப்போச்சுண்ணே. எண்ணெய் போவுது, திரும்பி வர வழி அடைச்சிக்கிச்சி. அதான் ஷூ எப்பவும் ஒரசிக்கினே இருந்திருக்குது. ஒரசி ஒரசி எண்ணெய் கொதிச்சிருக்குது. கொதிச்சா ஆவிதான், பெடல் நிக்காது." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ரப்பர் வாஷர் சும்மா ஊதாது. வேற எண்ணெய் இன்னா ஊத்துனீங்க?"

"நீ குடுத்ததுதான். வேற இன்னா ஊத்துவாங்க?"

பாய் அம்மாவிடம் ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கினார். "இன்ஜின் ஆயிலா இருந்தா மேல மெதக்கும். நான் குடுத்ததா இருந்தா கரைஞ்சிடும்," என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, ஏறி உக்காரு. மிதி. இன்னும் மிதி. புடி. சொல்றவரைக்கும் விடாத," என்றார்.

முலை திறந்தது. பெடல் என் காலோடு தரைக்கு இறங்கியது. நான் அழுத்திக்கொண்டு நின்றேன். திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. பாய் முலையை மூடிவிட்டு டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் மிதக்கவும் இல்லை, கரையவும் இல்லை. தண்ணீர் பாலாக வெளுத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது என்ன என்று சொல்லவேண்டியதில்லை. பாய் மாமாவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மாமாவுக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது. வெளிறிய முகத்தோடு டம்ளரையே பார்த்தபடி நின்றார்.

"யார் ஊத்துனது?" என்றார் அப்பா.

"நான்தான்," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வண்டி கூட்டும்போது ரப்பர் பாயத் தூக்கனேன். மூடி இருந்துச்சி. எண்ணெய் கம்மியா இருந்த மாதிரி தெரிஞ்சிது. வீட்ல இருந்தத ஊத்திட்டேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா பொய் சொல்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. காரைக் கூட்டுவது நான். ஆனால் பாயை அவ்வளவு பேசியாகிவிட்டது. பேசிய வார்த்தைக்கு ஒரு போக்கிடம் வேண்டும். மச்சானை அவன் மாமனார் முன்னால் தொட முடியாது. ஓர் அறை. அம்மாவின் தலை கார்க் கதவில் பட்டது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாமாவைப் பார்த்தாள். பேசாதே என்ற பார்வை. மாமா பேசவில்லை.

இன்று நினைத்துப் பார்த்தால், ஓர் அறையில் கல்யாணம் நிலைக்கும் என்றால் அது மலிவுதான் என்று அம்மா கணக்குப் போட்டிருப்பாள். அவள் வாங்கிய அறைகளில் அது பெரியதும் இல்லை.

பெண்ணின் அப்பா தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு எதிரில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"வீட்டாண்ட நிக்கும்போது, நான்தான் உட்டேன்னு எங்கிட்ட சொன்னியேப்பா."

மாமா தலையைத் தொங்கப் போட்டார்.

"தெரியாம ஊத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தோலு வேல செய்யறவன், தோலுன்னு நெனச்சி ஊத்துனான். வண்டி போனாலும் போவுது, எல்லாரும் உசுரோட இருக்கறோம்." அவர் அம்மா நின்ற பக்கம் கை காட்டினார். "உனக்காக அடி வாங்க இன்னிக்கு உங்க அக்கா இருக்கறாங்க. நாளைக்கு அந்த எடத்துல எம் பொண்ணுதான் நிக்கணும்."

"அண்ணா," என்றாள் அம்மா. முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "பூ வெச்சாச்சிண்ணா."

"எடுத்துடச் சொல்லிடறேம்மா. தப்பா நெனச்சிக்காதீங்க."

அவர் வந்த ரோட்டிலேயே மேலே நடக்கத் தொடங்கினார். செருப்புச் சத்தம் வளைவு திரும்பும்வரை கேட்டது. அப்பா சாக்கடை ஓரத்தில் குந்திக்கொண்டார். மாமா நகரவில்லை. அம்மா குனிந்து, பிளந்த பலாப்பழத்தின் சுளைகளை மண் ஒட்டாததாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் யாரும் பார்க்கவில்லை. என் தொடை வெடவெடவென்று நடுங்கியது, சுட்ட உள்ளங்கை ஸ்டியரிங்கில் எரிந்தது. ஆனாலும் பெடலைத் தரையோடு அழுத்தியே வைத்திருந்தேன். விட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாய்தான் டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கதவருகே வந்து என் முட்டியில் கை வைத்தார்.

"விடும்மா," என்றார். "விடு."